தனித் தலைப்பு இல்லாதவர்கள்: மாணவர் திறமூலத் திட்டங்களும் சாதிக் கணக்கும்

1921 செப்டம்பர் 16 அன்று சென்னை மாகாணத்தின் நீதிக்கட்சி அரசு 613ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. முதல் வகுப்புவாரி ஆணை என்று மேடைப் பேச்சுகளில் நாம் கேட்டு வளர்ந்த ஆணை அது. யாருக்கு எத்தனை இடம் என்று பங்கு பிரித்துக் கொடுத்த ஆணை என்றே நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்த ஆணை கேட்டதில் முக்கியமானது கணக்கு. ஒவ்வொரு துறைத் தலைவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அந்த அரையாண்டில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் எந்தெந்த வகுப்பினர் என்று பட்டியலிட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும் என்றது.

கணக்கில்லாத அறிவுரை எதையும் மாற்றாது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1850களிலேயே வருவாய் வாரியம், மாவட்டத்தின் கீழ்நிலைப் பதவிகள் சில செல்வாக்குள்ள குடும்பங்களின் கைக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுமாறு கலெக்டர்களுக்குச் சொல்லியிருந்தது. அறுபது ஆண்டுகள் அது காகிதத்தில் கிடந்தது. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை எண்களை எடுத்து மேசையில் வைத்தது. துணை கலெக்டர்கள் 140 பேரில் 77 பேர் பிராமணர். நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பிராமணர். மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்கே இருந்த ஒரு சமூகத்தின் கையில் இவ்வளவு இருந்தது. இந்த எண்கள்தான் ஐந்தாண்டு கழித்து வந்த ஆணைக்கு வழி போட்டன.

ஆனால் நாம் பார்க்க வேண்டிய இடம் அந்த அரையாண்டுப் பட்டியலின் தலைப்புகள். பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், இந்தியக் கிறித்தவர், முகமதியர், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், மற்றவர்கள் என்று ஆறு தலைப்புகள். ஆதிதிராவிடருக்கு என்று தனித் தலைப்பு அதில் கிடையாது. பிராமணரல்லாதார் பங்கு கூடியது என்று பட்டியல் சொன்னபோது, கூடியது யாருடைய பங்கு என்பது அந்தப் பெரிய கட்டத்துக்குள் மறைந்துபோனது.

எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் நின்று சண்டை போட்டது இதற்காகவும்தான். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை 1922இல் அவர் கொண்டுவந்தார். பெயரைப் பிறர் வைத்தால் கணக்கும் பிறருடையதாகவே இருக்கும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. நீதிக்கட்சியிலிருந்தும் அவர் வெளியேறினார். 1928இல் எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்த சுழற்சி முறையில்தான் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்று தனி இடம் வந்தது. 12 பணியிடங்களுக்கு 1. 613ஆம் எண் ஆணைக்கும் அந்த ஒன்றுக்கும் நடுவில் ஏழு ஆண்டுகள்.

எண்ணாமல் விடுவது ஒரு வகை மறைப்பு. எண்ணிவிட்டு எல்லாரையும் ஒரே கட்டத்தில் கொட்டிவிடுவது இன்னொரு வகை. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் அங்கே அட்டவணை ஒன்று இருக்கிறது, வெளிப்படையாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளவும் முடிகிறது.

பள்ளத்தாக்கும் திறமூலமும்

நூறு ஆண்டு கழித்து இதே கேள்வி வேறு வேடத்தில் வந்திருக்கிறது. ஓப்பன் சோர்ஸ் என்று மாணவர்கள் சொல்லும் திறமூல மென்பொருளைப் பற்றிப் பேசுகிறோம். லினக்ஸ், ஃபயர்பாக்ஸ், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி போன்றவற்றின் நிரல் வரிகள் பூட்டி வைக்கப்படுவதில்லை. யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தத்தை அனுப்பலாம். இந்த வேலைக்குள் மாணவர்களை இழுத்துவர 2005இல் கூகுள் தொடங்கியதுதான் கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்ற திட்டம். சில மாதங்கள் ஒரு வழிகாட்டியின் கீழ் வேலை செய்தால் உதவித்தொகை கிடைக்கும். இருபது ஆண்டுகளில் உலகம் முழுவதும் 20,000க்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றிருக்கிறார்கள். பல ஆண்டுகளில் அதிகம் பேர் தேர்வான நாடு இந்தியா.

இது நம் பிள்ளைகளுக்கு ஏன் முக்கியம்? தேனி மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி பகுதிகளின் காலனிகளிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படுகின்றன. அந்த ஜீப்பில் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் இன்று பொறியியல் படிக்கிறார்கள். 2012இல் போடியில் அரசு பொறியியல் கல்லூரி வந்த பிறகு, மதுரைக்கோ கோவைக்கோ விடுதிச் செலவு கட்ட முடியாத வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் படிக்க முடிகிறது. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு நடப்பது வேறு. மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, உள்ளே இருக்கும் ஒருவர் 'எனக்குத் தெரிந்த பையன்' என்று பரிந்துரைப்பது பெரிய கதவு. காலனி வீட்டில் அப்படிச் சொல்ல மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. யாரையும் தெரியாத பிள்ளைக்கு, உலகமே பார்க்கக்கூடிய இடத்தில் தன் பெயரில் ஒரு வேலை இருப்பதுதான் பரிந்துரை. திறமூலம் அதைக் கொடுக்க முடியும்.

கருவியும் ஏற்கனவே கைக்கு வந்திருக்கிறது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய திறமூல இயங்குதளம் அது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் கள்ளர் சீரமைப்புப் பள்ளியிலும் படித்த பிள்ளைகளின் பைக்குள் திறமூலம் வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த மாணவர் திட்டங்களுக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பதற்குத் திட்டங்கள் வெளியிடும் அறிக்கைகளில் கட்டமே இல்லை.

இதைத் தமிழ்நாட்டில் வைத்துப் பார்க்கும்போதுதான் வினோதம் தெரியும். பொறியியல் சேர்க்கையில் நாம் எண்ணப்படாத இடமே இல்லை. கலந்தாய்வின் தரவரிசைப் பட்டியலில் பொதுத் தரவரிசையோடு வகுப்புத் தரவரிசையும் இருக்கும். எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்புக்கு எந்த கட் ஆஃப் மதிப்பெண்ணோடு இடம் முடிந்தது என்பதுவரை ஆண்டுதோறும் வெளியாகிறது. மத்திய அரசின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வு 2010-11 முதல் வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கையைத் தருகிறது. 2021-22 அறிக்கையின்படி உயர்கல்வியில் இருந்த 4.33 கோடிப் பேரில் பட்டியல் சாதியினர் 66.23 லட்சம். கல்லூரி வாசல்வரை நாம் எண்ணில் இருக்கிறோம். வாசலைத் தாண்டி, தொழிலுக்குள் கூட்டிப்போகும் பாதையில் கால் வைத்ததும் எண்ணிலிருந்து மறைந்துவிடுகிறோம்.

2006இல் ஒரு பூஜ்யம்

'நாங்கள் நிரலைத்தான் பார்க்கிறோம், ஆளை அல்ல' என்பது இந்த உலகத்தில் அடிக்கடி கேட்கும் பதில். கதவு திறந்திருக்கிறது, வராதவர்கள் விருப்பமில்லாதவர்கள் என்பது அதன் பொருள். இந்தப் பதில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைத் திறமூல உலகமே ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறது.

2006இல் க்னோம் என்ற திறமூல அமைப்பு, கூகுள் திட்டத்தின் கீழ் தனக்கு வந்த விண்ணப்பங்களைப் பார்த்தது. நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் ஒன்றுகூட பெண்ணிடமிருந்து வரவில்லை. பெண்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லி அத்தோடு விட்டிருக்கலாம். அப்படி விடாமல், பெண்களுக்கென்று ஒரு கோடைத் திட்டத்தை அறிவித்தார்கள். அதே ஆண்டு, அதே அமைப்பு, அதே மாதிரி வேலை. சுமார் நூறு பெண்கள் விண்ணப்பித்தார்கள். ஆறு பேரை எடுத்தார்கள். ஆர்வம் இருந்திருக்கிறது. அழைப்புத்தான் அவர்களுக்கானது என்று தோன்றும்படி இருந்ததில்லை. அந்தத் திட்டம் 2010இல் மீண்டும் தொடங்கி, பின்னர் அவுட்ரீச்சி என்ற பெயரில் வளர்ந்தது. இன்று பெண்களோடு, தங்கள் நாட்டின் தொழில்நுட்பத் துறையில் பாகுபாட்டைச் சந்திக்கும் பிறரும் அதில் விண்ணப்பிக்க முடிகிறது.

இந்த வரலாற்றில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி ஒன்று உண்டு. க்னோம் எண்ணியது தேர்வானவர்களை மட்டும் அல்ல, விண்ணப்பித்தவர்களையும். தேர்வானவர்களில் பெண்கள் இல்லை என்றால், விண்ணப்பித்தவர்கள் தகுதி பெறவில்லை என்று வாதாடலாம். விண்ணப்பத்திலேயே ஒருவரும் இல்லை என்றால் அந்த வாதத்துக்கு இடமில்லை. குறை வாசலில் இருக்கிறது என்று அப்போது ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

பாலினம் பற்றிய எண்கள் அதற்குப் பிறகு தொடர்ந்து வெளிவந்தன. 2017இல் கிட்ஹப் நடத்திய திறமூல ஆய்வில் பதிலளித்தவர்களில் 95 விழுக்காடு ஆண்கள், 3 விழுக்காடு பெண்கள். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெண்கள் நிதி கேட்டார்கள், நடத்தை விதிகள் கேட்டார்கள், மாநாட்டு மேடை கேட்டார்கள். எண் வந்ததும் நியாயம் கிடைத்துவிடவில்லை. ஆனால் 'பிரச்சினையே இல்லை' என்று சொல்வது அதன் பிறகு யாருக்கும் எளிதாக இல்லை. சாதி விஷயத்தில் அந்தப் பேச்சு இன்னும் எளிதாகவே இருக்கிறது.

'இந்தியா' என்ற கட்டம்

கூகுள் திட்டம் எண்களை வெளியிடாமல் இல்லை. எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர், எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து எத்தனை பேர் என்று தொடக்க காலத்திலிருந்தே சொல்லிவந்திருக்கிறது. முதல் பத்தாண்டின் கணக்கில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் இலங்கையின் மொறட்டுவை. தெற்காசியாவுக்கே பெருமையான செய்தி. ஆனால் 'இலங்கை' என்ற ஒரே கட்டத்துக்குள் கொழும்பும் யாழ்ப்பாணமும் ஹட்டன் தோட்ட லயங்களும் அடங்கிவிடுகின்றன. 'இந்தியா' என்ற கட்டமும் அப்படித்தான். பெருநகரத்தில் மூன்றாம் தலைமுறையாகப் பொறியாளர்களாக இருக்கும் குடும்பத்துப் பிள்ளையும், ஆண்டிபட்டிப் பக்கம் வருசநாட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளையும் அங்கே ஒரே எண். இந்தியா முதலிடம் என்ற செய்தி வரும்போது, அந்த வெற்றிக்குள் நம் பிள்ளைகளும் இருப்பதாக நம்மையே நினைக்கவைத்துவிடும்.

அமெரிக்க நிறுவனங்களின் பன்மைத்துவ அறிக்கைகளிலும் இதே கதை. அங்கேயும் எண்கள் தானாக வந்துவிடவில்லை. 2013இல் டிரேசி சௌ என்ற பெண் பொறியாளர், எண்கள் எங்கே என்று கேட்டு, நிறுவனம் நிறுவனமாகப் பெண் பொறியாளர்களின் எண்ணிக்கையைத் திரட்டிப் பொதுவில் வைத்தார். 2014 மே மாதம் கூகுள் தன் ஊழியர்களின் பாலின, இன விவரத்தை முதன்முறையாக வெளியிட்டது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் இந்தியாவிலிருந்து போனவர்கள் எல்லாரும் அந்த அறிக்கைகளில் 'ஆசியர்'. ஆசியர் பங்கு அதிகம் என்பது அங்கே நல்ல செய்தி. எந்த ஆசியர் என்ற கேள்விக்குக் கட்டம் இல்லை. 1921இன் 'பிராமணரல்லாத இந்துக்கள்' கட்டத்தை அப்படியே கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்ததுபோல் இருக்கிறது.

கட்டம் இல்லாவிட்டால் பேச்சுக்கும் இடம் இல்லாமல் போகிறது. 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டி கூகுளில் பேச அழைக்கப்பட்டிருந்த தேன்மொழி சௌந்தரராஜனின் உரை, ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பால் ரத்தானது. சாதியைப் பற்றிப் பேசுவதே பிரிவினை என்று சொல்லப்பட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, இருக்கும் சட்டங்களே போதும் என்று சொல்லி ஆளுநர் நிராகரித்தார். சாதி வாரியான எண் ஒன்று பொதுவில் இருந்திருந்தால், இருப்பது போதுமா போதாதா என்பதை அதை வைத்தே கேட்டிருக்க முடியும்.

தானாக முன்வந்து வெளியிடுவதற்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கொடுத்தவர் கையே எடுத்துக்கொள்ளும். 2025 பிப்ரவரியில் கூகுள், பன்மைத்துவ வேலைச் சேர்ப்பு இலக்குகளைக் கைவிட்டது. 613ஆம் எண் ஆணை துறைத் தலைவரின் விருப்பத்துக்கு விடவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்பியாக வேண்டும் என்றது. அந்தப் பழைய வரியின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது.

கைரேகைப் பதிவேடு

எண்ணுவது எப்போதும் நல்லது என்று சொன்னால் இந்தப் பள்ளத்தாக்கு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். மதுரை, தேனிப் பகுதி மக்களுக்குக் கைரேகைச் சட்டம் என்றால் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. பிறமலைக் கள்ளர்களின் பெயரும் ரேகையும் பதிவேட்டில் ஏறின. பதிவானவர்கள் இரவில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது, பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது.

பெருங்காமநல்லூரையும் 613ஆம் எண் ஆணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை ஆண்டு இடைவெளியில் ஒரே மாகாணத்தில் இரண்டு பதிவேடுகள். ஒன்று ஆளைப் பெயரோடு எண்ணி, அவர் எங்கே போகிறார் என்று கண்காணித்தது. மற்றொன்று பெயரில்லாமல் தொகையாக எண்ணி, அதிகாரியின் கையைக் கண்காணித்தது. முதலாவதில் கேள்வி எண்ணப்பட்டவரிடம். இரண்டாவதில் கேள்வி வேலை கொடுத்தவரிடம். சாதிக் கணக்கு வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடும்போது இந்த வேறுபாட்டை நாம் விட்டுவிடுகிறோம். எண் யாரைப் பதில் சொல்ல வைக்கிறது என்பதே கேள்வி. அந்தச் சட்டத்தால் குறிவைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சீர்மரபினர் என்ற தலைப்பில் கல்வியில் இடம் கேட்கிறார்கள். அடக்குவதற்குப் போட்ட பட்டியலே உரிமை கேட்கும் பட்டியலாகவும் மாறியிருக்கிறது. பட்டியலைப் பற்றிக் கள்ளர் வீட்டுப் பிள்ளைக்கும் காலனி வீட்டுப் பிள்ளைக்கும் பொதுவான பாடம் இது. இரண்டு தெருவும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றும்கூட.

ஆகவே நம் மாணவர்கள், 'அண்ணே, விண்ணப்பத்துல சாதியைப் போட்டா நம்மளைத் தள்ளிவிட மாட்டாங்களா?' என்று கேட்பதை அறியாமை என்று நினைக்கக் கூடாது. ஐஐடிகளில் நுழைவுத் தேர்வின் தரவரிசை எண்ணைக் கேட்டே சாதியைக் கண்டுபிடிக்கும் பழக்கம் உண்டு. ஒரு தலித் மாணவரின் மரணத்தையொட்டி எழுந்த போராட்டங்களுக்குப் பிறகு 2023 ஜூலையில் ஐஐடி பம்பாய், சக மாணவரின் தரவரிசையையோ சாதியையோ கேட்பது தவறு என்று வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2020இல் சிஸ்கோ மீது கலிபோர்னியா அரசுத் துறை தொடுத்த வழக்கிலும், ஒரு தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்பது உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லப்பட்டது என்பதே தொடக்கக் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. அதிகாரிகள் இருவர் மீதான வழக்கைத் துறையே 2023இல் திரும்பப் பெற்றது. வழக்கு எப்படிப் போனாலும், சாதி வெளிப்பட்டுவிடுமோ என்ற பயம் கற்பனை அல்ல.

இந்தப் பயத்துக்குப் பதில், எண்ணாமல் விடுவது அல்ல. பெயரையும் சாதியையும் பிரித்து வைப்பதுதான். சாதி பற்றிய கேள்வி விண்ணப்பப் படிவத்தில் இருக்கக் கூடாது. தேர்வு முடிந்த பிறகோ, அல்லது விண்ணப்பத்தோடு இணைக்க முடியாத தனிப் படிவத்திலோ கேட்க வேண்டும். பதில் சொல்ல விரும்பவில்லை என்பதும் ஒரு பதிலாக இருக்க வேண்டும். மதிப்பிடும் வழிகாட்டியின் கண்ணில் அது படவே கூடாது. வெளியே வருவது தொகை மட்டும். பத்துப் பேருக்குக் குறைவான கட்டத்தைத் தனியாக அச்சிடாமல், மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்து வெளியிட வேண்டும். உலகமெங்கும் புள்ளிவிவரத் துறைகள் செய்யும் சாதாரண வேலை இது.

கட்டத்துக்குள் கட்டம்

நம் பக்கத்தையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியல் சாதி என்று ஒரே கட்டம் போட்டால் போதுமா? கம்பம், போடி, தேனி நகராட்சிகளின் தெருக்களைக் கூட்டும் அருந்ததியர் குடும்பங்களிடம் கேட்டால் தெரியும். பதினெட்டு விழுக்காடு எல்லாருக்கும் பொதுவாக இருந்த காலத்தில், அந்தப் பொதுவுக்குள் தங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்டார்கள். நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் குழு அதை எண்ணிப் பார்த்தது. 2009இல் பதினெட்டுக்குள் மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானது. உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. எம்.சி. ராஜா 1920களில் கேட்ட கேள்வியைத்தான் அருந்ததியர் நம்மிடம் கேட்டார்கள். அடுத்தவர் கட்டத்தைப் பிரிக்கச் சொல்லும் நாம் நம் கட்டத்தைப் பிரிக்கத் தயங்கினால் அந்தக் கேள்வியே பொய்யாகிவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பளியர்களின் நிலை இன்னும் கடினம். தேனி மாவட்டத்தில் பழங்குடியினர் மிகச் சிறிய எண்ணிக்கை. எத்தனை ஆண்டைச் சேர்த்தாலும் மாவட்ட அளவில் அவர்களுக்கு அச்சிடத்தக்க எண் வராது. மிக அதிகமாக மறைக்கப்பட்டவர்களையே புள்ளிவிவரத்தின் பாதுகாப்பு விதியும் மறைத்துவிடும். மாநில அளவிலும் நாட்டளவிலும் சேர்த்து வெளியிட்டால்தான் அவர்கள் தென்படுவார்கள்.

சாதிக் கட்டத்தோடு வேறு சில கட்டங்களும் வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை தாசில்தார் அலுவலகம் கொடுத்துவருகிறது. அரசுப் பள்ளியில் படித்தவரா என்பது 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்காக ஏற்கனவே கேட்கப்படும் கேள்வி. அந்த ஒதுக்கீடே எண்ணிப் பார்த்ததால் பிறந்தது. நீட் வந்த பிறகு மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்கள் எவ்வளவு சொற்பம் என்பது வெளியே தெரிந்தது. நீதிபதி கலையரசன் குழு ஆராய்ந்தது. 2020இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் அது நீண்டது. அந்த எண்கள் வெளியே வராமல் இருந்திருந்தால் இன்று மருத்துவம் படிக்கும் எத்தனையோ பிள்ளைகள் வேறு ஏதோ வேலைக்குப் போயிருப்பார்கள்.

முடித்தவர்கள் எத்தனை?

விண்ணப்பித்தவர், தேர்வானவர் என்ற இரண்டு எண்ணோடு மூன்றாவது எண் ஒன்றும் வேண்டும், முடித்தவர். 2023 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகம் மக்களவையில் ஒரு பதில் தந்தது. ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து படிப்பைப் பாதியில் விட்ட பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். ஐஐடிகளில் மட்டும் பட்டியல் சாதியினர் 1,068 பேர். சேர்ந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்த 13,626 பேரும் சாதனைப் பட்டியலில் இருந்திருப்பார்கள்.

திறமூலத் திட்டங்களில் பாதியில் விழுவதற்குக் காரணங்கள் பல. விண்ணப்பிப்பதற்கு முன்பே சில வாரங்கள் ஊதியமில்லாமல் வேலை செய்து காட்டும்படி பல அமைப்புகள் எதிர்பார்க்கின்றன. எல்லா உரையாடலும் ஆங்கிலத்தில், முகம் தெரியாதவர்கள் முன்னால். தமிழ் வழியில் படித்த பிள்ளை ஒரு கேள்வி கேட்பதற்கே இரண்டு நாள் யோசிக்கிறாள். கோடை விடுமுறை என்பது பள்ளத்தாக்கின் பல வீடுகளில் பிள்ளைகளும் கூலிக்குப் போகும் காலம். 2017 முதல் கூகுள் திட்டம் உதவித்தொகையை நாட்டுக்கு நாடு, அங்குள்ள வாங்கும் திறனைப் பொறுத்து மாற்றியமைக்கிறது. நாடுகளுக்கு இடையேயான ஏற்றத்தாழ்வை அளந்து கணக்கில் கொள்ள முடிகிற திட்டத்துக்கு, ஒரு நாட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை அளந்து சொல்வது மட்டும் முடியாத காரியமாக இருக்க முடியாது. மூன்று எண்களும் வந்தால்தான் தடை எங்கே என்று தெரியும். விண்ணப்பமே இல்லை என்றால் செய்தி போய்ச் சேரவில்லை. விண்ணப்பம் இருந்து தேர்வு இல்லை என்றால் பயிற்சியிலோ தேர்விலோ கோளாறு. தேர்வாகியும் முடிக்கவில்லை என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

எங்கே தொடங்குவது

பெரிய நிறுவனங்கள் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தின் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளில் கணினி மன்றங்கள் இருக்கின்றன. இத்தகைய திட்டங்களுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் பேராசிரியர்களும் மூத்த மாணவர்களும் இருக்கிறார்கள். வகுப்புவாரிச் சேர்க்கை விவரம் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது. பயிற்சிக்கு வந்தவர், விண்ணப்பித்தவர், தேர்வானவர், முடித்தவர் என்ற நான்கு எண்களை, வகுப்பு, பாலினம், முதல் தலைமுறை, பள்ளி என்ற நான்கு தலைப்புகளில் கல்லூரியே ஆண்டுக்கொருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அரசுக் கல்லூரிகளிடம் இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் முடியும். தனியார் கல்லூரிகளிடம் பெற்றோர் கேட்கலாம், மாணவர் அமைப்புகள் கேட்கலாம். நான் முதல்வன் போன்ற அரசுத் திறன் திட்டங்களிலும் இதே நான்கு எண்கள் வரவேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுக்கலாம்.

திறமூல அமைப்புகளில் வழிகாட்டிகளாக இருக்கும் தமிழர்கள் பலர். இந்தத் திட்டங்களின் ஆண்டறிக்கையில் இந்தியாவுக்கு மட்டுமாவது சாதித் தொகையைச் சேர்க்கச் சொல்லி உள்ளேயிருந்து கேட்க அவர்களால்தான் முடியும். விக்கிமீடியாவின் பொது நடத்தை விதிகளில் சாதி என்ற சொல் ஏற்கனவே இடம்பெற்றிருக்கிறது. சொல்லை ஏற்றுக்கொண்டவர்களிடம் எண்ணையும் கேட்கலாம்.

1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு அறிவித்தது. 2027இல் அது நடக்கவிருக்கிறது. நாம் எத்தனை பேர் என்ற எண் அப்போது வந்துவிடும். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க, எதிர்காலத் தொழிலின் வாசலில் நாம் எத்தனை பேர் என்ற எண்ணும் வேண்டும். ஒரு கையில் மக்கள்தொகையையும் மறுகையில் காலிக் கட்டத்தையும் வைத்துக்கொண்டு பங்கு கேட்க முடியாது.

கூகுள் திட்டத்துக்கு மாணவர்கள் விண்ணப்பிக்கும் காலம் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒவ்வொரு கல்லூரி மன்றமும் ஒரு வெள்ளைத் தாளில் நான்கு கோடு, நான்கு தலைப்பு போட்டு வைக்கட்டும். முதல் ஆண்டில் பல கட்டங்களில் பூஜ்யம் விழலாம். விழட்டும். க்னோம் அமைப்பும் ஒரு பூஜ்யத்தைப் பார்த்துத்தான் தொடங்கியது.